மூணு வேளை மாத்திரையும் அம்மாவின் போர்ன்விட்டா டப்பாவும்

1984-ல் மட்டாஞ்சேரிக்குள்ளேயே வீடு மாறினோம். சாமான் இறக்கும்போது அப்பா பரணிலிருந்து ஒரு பழைய போர்ன்விட்டா டப்பாவை எடுத்தார். கனமா இருந்தது. "உங்கம்மா சில்லறை சேர்த்து வெச்சிருக்கா போல"ன்னு சிரிச்சுக்கிட்டே மூடியை நெம்பினார். உள்ளே காசு இல்லை. அரக்கு நிற மாத்திரைகள். கொச்சி மழை ஈரத்தில் இனிப்புப் பூச்சு கசிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, எள்ளுருண்டை மாதிரி கட்டியாக் கிடந்தது. 1979-ல் தம்பி பிறந்த சமயத்தில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அது.

அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்கணும்னு கொடுத்ததை இப்படியா ஒளிச்சு வைப்பேன்னு கேட்டார். அம்மா பதிலே பேசலை. பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கிட்டே இருந்தாங்க. எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. தப்பு அம்மா மேலதான்னு நானும் நினைச்சேன். பிறகு பார்மசி படிச்சு, கல்யாணமாகி மெல்பர்ன் வந்து, மருந்துக்கடை கவுண்ட்டருக்குப் பின்னால் நின்னு, அப்பா கேட்ட அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் மரியாதையான வார்த்தையில் பல பெண்களிடம் கேட்டிருக்கேன்.

போன மாசம் என் மகளுக்கு ரத்தப் பரிசோதனை. ஃபெரிட்டின் 9. (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் எண் அது. 15-க்குக் கீழே போனால் கையிருப்பு காலின்னு அர்த்தம்.) டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தொழில்முறையில் இது எனக்குப் புதுசில்லை, சில வருஷமா இப்படி எழுதுறாங்க. ஆனா நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில் அந்தச் சீட்டை ஒட்டும்போது போர்ன்விட்டா டப்பா ஞாபகம் வந்துடுச்சு. மூணு வேளை எப்படி ரெண்டு நாளைக்கு ஒண்ணாச்சு? மொதல்ல அந்த மூணு வேளை எங்கிருந்து வந்தது? தேடிப் படிச்சதை இங்கே எழுதி வைக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு காபி போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. இரும்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு மட்டும் காபி கிடையாது, காரணம் கீழே வருது.

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பண்டகசாலையில் கணக்கு எழுத வந்தவர். மட்டாஞ்சேரியில் யார்தான் வந்தவங்க இல்லை? எங்க தெருவில் கொங்கணி, குஜராத்தி, கச்சி மேமன், தமிழ்னு அத்தனை பாஷையும் கேக்கும். காத்தில் எப்பவும் சுக்கு வாசனை. அந்த வாசனைக்கு நடுவில் அம்மா முறத்தில் அரிசி புடைச்சுக்கிட்டே பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்குவாங்க. "பச்சரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்"னு ஆச்சி திட்டுவாங்க. அம்மா கல்யாணம்தான் முடிஞ்சு போச்சே! பச்சரிசி, சாம்பல், மண் இதெல்லாம் தின்னத் தோணுறதே இரும்புக் குறைவின் அடையாளம்னு பார்மசி படிக்கும்போதுதான் தெரிஞ்சது. அம்மாவின் வியாதியை நாங்க எல்லாரும் தினம் கண்ணால் பார்த்துக்கிட்டு அதுக்குப் பழமொழி சொல்லிக்கிட்டிருந்திருக்கோம்.

இதில் நாம மட்டும் விதிவிலக்கு இல்லை. ஐரோப்பாவில் வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, மண்ணும் சுண்ணாம்பும் தின்ன இளம்பெண்களின் நோய்க்குப் 'பச்சை நோய்'னு பேர். 1554-ல் யோஹானஸ் லாங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கன்னிப் பெண்களின் நோய்னு எழுதி, சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? கல்யாணம் பண்ணி வைக்கிறது! நம்ம ஊர்ப் பாட்டிமாருக்கு ஜெர்மனியிலும் ஒரு சொந்தக்காரர் இருந்திருக்கார். அதுக்கு அடுத்த வருஷம், 1555-ல், போர்த்துகீசியர் மட்டாஞ்சேரியில் ஓர் அரண்மனை கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தாங்க. இன்னிக்கு டச்சு பேலஸ்னு சுற்றுலாக்காரங்க போறாங்களே, அதேதான்.

டச்சுன்னதும் இன்னொண்ணு. 1670-களில் கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியா இருந்த வான் ரீடு, மலபார் மூலிகைகளைப் பத்தி ஒரு பெரிய நூல் தொகுத்தார். ஹோர்ட்டூஸ் மலபாரிகூஸ். 1678-லிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளா வந்தது. மூலிகை அறிவைக் கொடுத்தவங்க இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூணு கொங்கணி வைத்தியர்களும். 1675-ல் கொச்சியில் அவங்க எழுதிக் கொடுத்த சாட்சியம் நூலிலேயே அச்சாகி இருக்கு. எங்க தெருக் கொங்கணிகளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. நம்ம முருங்கையும் அந்த நூலில் இருக்கு.

அந்தத் தொகுதிகள் அச்சாகிக்கிட்டிருந்த அதே காலத்தில், 1681-ல், லண்டனில் தாமஸ் சிடன்ஹாம் என்ற டாக்டர் இரும்பு அரத்தூளைக் குளிர்ந்த வைனில் ஊறப்போட்டு வெளுத்துப்போனவங்களுக்குக் கொடுத்தார். முகத்தில் நிறம் திரும்பியதுன்னு எழுதினார். ரத்தத்தில் இரும்பு இருக்குன்னே அன்னிக்கு யாருக்கும் தெரியாது. இரும்பு பலமானது, அது உடம்புக்கும் பலம் தரும்ங்கிற நம்பிக்கைதான்.

நம்ம சித்த மருத்துவத்தில் இதுக்கு அன்னபேதி. நாட்டு மருந்துக் கடையில் பச்சையாக் கட்டிக் கட்டியாக் கிடைக்கும். வேதியியல் பேரில் சொன்னா ஃபெரஸ் சல்ஃபேட். ஆமாங்க, ஆஸ்பத்திரி மாத்திரையில் இருக்கிற அதே உப்பு. அதை எலுமிச்சைச் சாறு விட்டு அரைச்சு, புடம் போட்டு, சிவப்பாகச் செந்தூரமாக்கி, துளியளவு தேனில் குழைச்சுப் பாண்டு, சோகைக்குக் கொடுப்பாங்க. மட்டாஞ்சேரி அங்காடி மருந்துக் கடைகளிலும் அன்னபேதி செந்தூரம் உண்டு. புடம் போட்டதும் அது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடா மாறிடுது, அதனால் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. அளவைத்தான் கவனிக்கச் சொல்றேன். சிட்டிகை மருந்து அது.

பெரிய அளவு எப்போ வந்தது? 1832-ல் ஃபிரான்ஸில் போக்கேர் என்ற ஊரில் பியேர் ப்ளோ என்ற டாக்டர் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருண்டை பிடிச்சார். அளவைப் படிப்படியா ஏத்திக்கிட்டே போனார், சில வாரத்தில் பெண்கள் எழுந்து நடமாடினாங்க. ப்ளோ மாத்திரைன்னு உலகம் பூரா பரவுச்சு. சகோதரர் மகன் அதை வியாபாரமாவே நடத்தினார். முதல் முறையா மருந்தும் அளவும் ஒண்ணா அமைஞ்சது அங்கேதான்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பாசலில் இருந்த புங்கே என்ற பெரிய பேராசிரியர், உப்பு வடிவ இரும்பு உடம்பில் சேரவே சேராது, சாப்பாட்டில் இருக்கிற இரும்பு மட்டும்தான் சேரும்னு சொல்லிட்டார். பெரியவர் சொன்னா மறுபேச்சு ஏது? மருத்துவர்கள் அளவைக் குறைச்சாங்க. 1893-ல் எடின்பரோவின் ரால்ஃப் ஸ்டாக்மன், தோலுக்கடியில் இரும்பை ஊசியா ஏத்திக் காட்டி, குடலுக்குள் போகாத இரும்பும் சோகையைக் குணப்படுத்துதேன்னு கேட்டார். அப்படியும் பழைய பெரிய அளவு மறுபடி வர இன்னொரு முப்பது வருஷம் ஆச்சு. 1932-ல் பாஸ்டனில் ஹீத், ஸ்ட்ராஸ், காசில் மூணு பேரும் ஊசியா ஏத்தின இரும்பையும், ஏறின ஹீமோகுளோபினையும் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க. கிட்டத்தட்ட சரியாப் பொருந்துச்சு. ஏத்துற இரும்பு அப்படியே ரத்தமாகுது. அப்போ வாய்வழி கொடுக்கிறப்ப மட்டும் ஏன் அத்தனை தேவைப்படுது? குடல் அதில் கொஞ்சத்தைத்தான் உள்ளே விடுது. அதனால் நிறையக் கொடு. சேர்ற வரைக்கும் கொடு.

மூணு வேளை இப்படித்தான் நிலைச்சது. 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம். மூணு வேளைக்கு 195. மாதவிலக்கு உள்ள ஒரு பெண் உடம்பு ஒரு நாளில் இழக்கும் இரும்பு சராசரியா ரெண்டு மில்லிகிராம்கூட வராது. ரெண்டு படி தண்ணி வேணும்கிற வீட்டுக்கு லாரித் தண்ணி அனுப்புற மாதிரி. உள்ளே போகாத மிச்சம் வயித்தில் தங்கி எரியும், குமட்டும், கட்டும், மலம் கறுக்கும். இதெல்லாம் அன்னிக்கே தெரியும். அதைச் சகிச்சுக்கணும்னுதான் சொன்னாங்க. மருந்துன்னா கசக்கத்தானே செய்யும்!

இந்தியாவுக்கு வருவோம். இங்கே கதையில் ஒரு பெண்மணி வர்றாங்க, லூசி வில்ஸ். லண்டனிலிருந்து 1928-ல் பம்பாய் வந்து, துணி ஆலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ஞ்சாங்க. குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும் வேலை செஞ்சாங்க, 1931-ல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும். (இப்போ கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. இதைப் படிக்கிறவங்களில் நாலைஞ்சு பேராவது அங்கே பிறந்திருப்பீங்க.) இரும்புக்கு மசியாத ஒரு வகைச் சோகை, ரொட்டியில் தடவுற ஈஸ்ட் சாறான மார்மைட்டுக்கு மசிஞ்சதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதில் இருந்த சத்துக்குத்தான் பின்னால் ஃபோலிக் அமிலம்னு பேர் வெச்சாங்க. இன்னிக்கும் நம்ம ஊர் அரசு மாத்திரையில் இரும்போடு கூட இருக்கிற 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்துக்குப் பின்னால் அந்தப் பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களும் கோஷா ஆஸ்பத்திரிப் பெண்களும் இருக்காங்க.

1970-ல் இந்திய அரசு ரத்தசோகைத் தடுப்புத் திட்டம் தொடங்குச்சு. கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், தினம் ஒண்ணு, நூறு நாள். கிட்டத்தட்ட அதே சமயத்தில் உலக சுகாதார நிறுவன ஆதரவில் டெல்லியிலும் வேலூரிலும் ஓர் ஆய்வு நடந்தது, 1975-ல் வெளியாச்சு. கர்ப்பிணிகளுக்கு 30, 60, 120, 240 மில்லிகிராம்னு வெவ்வேறு அளவில், கண் எதிர்லயே விழுங்க வெச்சுப் பார்த்தாங்க. 120 வரைக்கும் அளவு ஏற ஏறப் பலன் ஏறுச்சு. 240-க்குப் போனப்ப அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்கலை. குடலுக்கு ஒரு எல்லை இருக்குன்னு நம்ம வேலூரிலேயே தெரிஞ்சுக்கிட்டிருந்தது. ஆனா யாருக்கு எந்த எண் போய்ச் சேர்ந்தது பாருங்க. அம்மாவுக்கு மகப்பேறு சமயத்தில் திட்ட மாத்திரை. பிரசவத்துக்குப் பிறகும் வெளுப்புப் போகலைன்னு டாக்டர் எழுதினது மூணு வேளை. போர்ன்விட்டா டப்பாவில் இருந்தது பெரும்பாலும் ரெண்டாவது வகை.

1980-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அந்தத் திட்டத்தை அலசிப் பார்த்தப்ப, மாத்திரை பல பெண்களுக்குப் போய்ச் சேரவே இல்லைன்னு தெரிஞ்சது. சோகையும் குறையலை. அதுக்கு என்ன செஞ்சாங்க? 1990-களின் தொடக்கத்தில் அளவை 100 மில்லிகிராமா ஏத்தினாங்க. போகாத மாத்திரையைப் பெரிசாக்கினா போய்ச் சேருமாங்கிற கேள்வி எனக்கு இப்பவும் இருக்கு. 2018-ல் வந்த அனீமியா முக்த் பாரத் திட்டத்தில் மறுபடி 60. கர்ப்பிணிக்குத் தினம் ஒண்ணு, குறைஞ்சது 180 நாள். வளரிளம் பெண்களுக்கும் மற்றப் பெண்களுக்கும் வாரம் ஒண்ணு.

இதுக்கு நடுவில் இன்னொரு ஊர்க் கதை. எனக்கு இது ரொம்பப் பிடிச்சது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வர்த். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாப் போனவங்களின் வாரிசுகளை, நிறவெறி அரசு 1960-களில் கொண்டு போய்க் குடிவெச்ச இடம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அங்கே இந்திய வம்சாவளிப் பெண்களிடம் சோகை அதிகம். டீ குடிச்சா சாப்பாட்டு இரும்பும் சேராது, மாத்திரை இரும்பும் சேராதுன்னு 1975-ல் உலகத்துக்குச் சொன்ன ஆய்வு அந்தப் பெண்களை வெச்சு நடந்ததுதான். காபியும் அதே ரகம், அதனால்தான் மேலே தடை போட்டேன். எங்கம்மா மாத்திரையைக் கட்டன் சாயாவோடதான் விழுங்குவாங்க, வெறும் தண்ணியில் குமட்டும்னு. டீயோட சாப்பிடாதேன்னு அவங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலை.

அதே சாட்ஸ்வர்த்தில் ஆராய்ச்சியாளர்கள் பிறகு ஒரு காரியம் செஞ்சாங்க. மாத்திரையை விட்டுட்டு, வீட்டுக் கறி மசாலாத் தூளில் எளிதில் சேரும் வகை இரும்பைக் கலந்து ரெண்டு வருஷம் கொடுத்தாங்க. முடிவு 1989-ல் வந்தது. பெண்களுக்கு இதனால் கூடுதலாக் கிடைச்ச இரும்பு ஒரு நாளைக்கு எட்டு மில்லிகிராம்கூட இல்லை. ஆனா இரும்புக்குறைவுச் சோகை பெண்களிடம் 22 சதவீதத்திலிருந்து 5 சதவீதமா இறங்குச்சு. மிளகும் மஞ்சளும் ஏலமும் கப்பலேறின ஊரில் வளர்ந்தவளுக்கு, சோகையை மசாலா டப்பா வழியா விரட்டினாங்கன்னு படிக்கிறப்ப ஒரு தனிச் சந்தோஷம். யாருக்கும் குமட்டலை, யாரும் ஒளிச்சு வைக்கலை.

சரி, மூணு வேளையை உடைச்சது யார்? 1943-லேயே அமெரிக்காவில் ராச்செஸ்டரில் விப்பிள் குழுவினர், சோகை பிடிச்ச நாய்களுக்கு முதலில் சாதாரண இரும்பைக் கொடுத்து, சில மணி நேரம் கழிச்சுக் கதிரியக்க இரும்பைக் கொடுத்தாங்க. ரெண்டாவது வேளை சரியாச் சேரலை. முதல் வேளை கதவைச் சாத்திடுது. ஆனா கதவு முழுசாச் சாத்தலை, காரணமும் பிடிபடலை, அதனால் அந்தக் கருத்து மெல்ல ஓரத்துக்குப் போயிடுச்சு. இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாதுங்கிறதையும் இங்கே சேர்த்துப் பாருங்க. உப்பு மிஞ்சினா சிறுநீரில் போகும், இரும்பு அப்படிப் போகாது. அதனால் உடம்பு வாசலிலேயே காவல் போடுது. அந்தக் காவல்காரன் பேர் ஹெப்சிடின், கல்லீரல் சுரக்கிற ஹார்மோன். 2000, 2001 வாக்கில்தான் கண்டுபிடிச்சாங்க.

2015-ல் சூரிச்சில் மொரெட்டி, சிம்மர்மன் குழுவினர் இரும்புக் கையிருப்புக் குறைஞ்ச இளம்பெண்களை வெச்சு அளந்து பார்த்தாங்க. 60 மில்லிகிராமோ அதுக்கு மேலோ ஒரு வேளை போட்டா ஹெப்சிடின் ஏறுது, ஒரு நாள் வரை இறங்கலை. மறுநாள் போடுற மாத்திரையிலிருந்து சேரும் பங்கு 35-லிருந்து 45 சதவீதம் குறைஞ்சு போகுது. அளவை ஆறு மடங்காக்கினா சேர்வது மூணு மடங்குதான். ரெண்டு காலையோடு நடுவில் ஒரு மதிய வேளையைச் சேர்த்துப் பார்த்தாங்க, மொத்தத்தில் குறிப்பிடும்படி கூடலை. 2017-ல் அதே குழு நாற்பது பெண்களுக்கு 60 மில்லிகிராமைத் தினமும், ஒரு நாள் விட்டு ஒரு நாளும் கொடுத்து ஒப்பிட்டது. தினம் சாப்பிட்டவங்களுக்கு 16.3 சதவீதம் சேர்ந்தது, விட்டு விட்டுச் சாப்பிட்டவங்களுக்கு 21.8 சதவீதம்.

இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு இலங்கைத் தமிழ் அக்கா ஞாபகம்தான் வந்தது. பல வருஷம் முன்னாடி கவுண்ட்டருக்கு வந்து, "வயிறு எரியுது பிள்ளை, ஏலாது"ன்னு சொன்னாங்க. சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்க அக்கா, ஆனா ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு நான் கண்டிப்பாச் சொன்னேன். மருந்துச்சீட்டில் மூணு வேளைன்னு இருந்தது, புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அவங்க அப்புறம் அந்த மாத்திரை வாங்க வரவே இல்லை. முழுசா நிறுத்திட்டாங்கன்னு நினைக்கிறேன். ரெண்டு நாளைக்கு ஒண்ணு போடுங்கன்னு நான் சொல்லியிருந்தா அதையாவது போட்டிருப்பாங்க. இந்த ஒரு நினைப்பு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு.

இருந்தாலும் ஒரு பக்கமாச் சாஞ்சு எழுதக் கூடாது. சூரிச் பெண்களுக்குக் கையிருப்புதான் குறைவு, சோகை இல்லை. 2020-ல் சண்டிகர் பட்டமேற்படிப்பு மருத்துவ நிலையத்தில் நிஜமாவே சோகை உள்ளவங்களுக்கு 60 மில்லிகிராம் தினம் ரெண்டு வேளையும், 120 ஒரு நாள் விட்டு ஒரு நாளும் கொடுத்துப் பார்த்தாங்க. ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் அதிகம் ஏறினது ரெண்டு வேளைக்காரங்களுக்குத்தான். குமட்டலும் அவங்களுக்குத்தான் அதிகம். 2023-ல் சுவிஸ்ஸில் வந்த ஆய்வில், மொத்த மாத்திரைக் கணக்கு ஒண்ணா இருந்தா கையிருப்பு ரெண்டு முறையிலும் ஏறக்குறைய ஒண்ணு, விட்டு விட்டுப் போட்டவங்களுக்கு வயித்துத் தொல்லை குறைவு. ஆக அவசரம் இருக்கிற உடம்புக்கு ஒரு கணக்கு, அவசரம் இல்லாத உடம்புக்கு வேற கணக்கு. பிரிட்டன் குடல் மருத்துவர் சங்கம் 2021-ல் சொன்னது எனக்கு நியாயமாப் படுது: தினம் ஒண்ணு, ஒத்துக்கலைன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூணு வேளை அங்கே இல்லவே இல்லை. கர்ப்பிணிகள் இந்தப் பதிவைப் படிச்சுட்டு அளவை மாத்திடாதீங்க, உங்க கணக்கு வேற. ரத்தம் எதனால் குறையுதுன்னு பார்க்காம வருஷக்கணக்கா மாத்திரை மட்டும் போடுறதும் சரியில்லை. இன்னொண்ணு, குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த மாத்திரையை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்க. மிட்டாய் மாதிரி இருக்கும், நாலைஞ்சு முழுங்கினாலே சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. போர்ன்விட்டா டப்பா பரணில் இருந்தது எங்க தம்பியோட அதிர்ஷ்டம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. தமிழ்நாட்டில் 53.4. கேரளாவில் 36.3, முந்தைய கணக்கெடுப்பைவிட அங்கே கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ஐம்பது வருஷமா மாத்திரை கொடுத்த பிறகு வர்ற எண்கள் இவை. மாத்திரை சாப்பிடாத பெண்கள் மேல் பழி போட்டு எழுதின அறிக்கைகள் நான் எத்தனையோ படிச்சிருக்கேன். ஏன் சாப்பிடலைன்னு அவங்ககிட்டயே உட்கார்ந்து கேட்டு எழுதினது அதில் ரொம்பக் கொஞ்சம்.

நானே கேட்டதில்லையே. அந்த டப்பா கிடைச்சு நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. போன ஞாயித்துக்கிழமை கொச்சிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அம்மாவுக்கு இப்போ எழுபத்தாறு. பேத்தியோட ரிப்போர்ட்டைச் சொல்லிட்டு, டப்பா விஷயத்தையும் கேட்டுட்டேன்.

"ஏட்டி, அத இன்னுமா ஞாவகம் வச்சிருக்க? மூணு வேளையும் போட்டா நெஞ்சு கரிக்கும், வெளிக்கும் போவாது. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்த செய்ய? ஒரு நா போட்டா மறுநா போட மாட்டேன். தூரப் போடவும் மனசு வரல, காசு குடுத்து வாங்குனதாச்சேன்னு டப்பால போட்டு வச்சேன்."

"ஒரு நாள் விட்டு ஒரு நாளா?"

"ஆமா. ராத்திரில ஒண்ணு. அதுலயே கொஞ்சம் தெளிஞ்சிட்டு. பச்சரிசி திங்கதும் நின்னு போச்சுல்லா."

அம்மா ஒண்ணும் ஆராய்ச்சி பண்ணலை. பொறுத்துக்க முடிஞ்ச அளவைத் தானே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க, அவ்வளவுதான். இப்போ உங்க பேத்திக்கு டாக்டரே அப்படித்தான் எழுதியிருக்காங்கன்னு சொன்னேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த சீட்டைக் கேமராவுக்கு நேரா காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, மலையாளமும் தமிழும் மட்டுமே படிக்கத் தெரிஞ்ச அம்மா, அந்த இங்கிலீஷ் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாங்க.

"டாக்டரே சொல்லுதாகளா? உங்கப்பா இருந்தா அவுககிட்ட சொல்லிருப்பேன்."